படுக்கைப்புண் நோவும் பக்கத்திருப்பார் கடனும்

நெடுநாட் பிணியாற் படுக்கையிலே காலங்கழிப்பார்க்கு இடுப்பின் பின்னெலும்பு, குதிகால், தொடைப்புறம் முதலிய இடங்களிற் புண் உண்டாதல் பலரும் அறிந்ததே. இதனைப் படுக்கைப்புண் என்ப. இதனால் உழல்வாரைக் கண்டு, “அவரவர் வினையை அவரவர் நுகர்கின்றனர்; நாம் செய்யக்கடவது யாது?” என்று கூறி அகல்வார் சிலர் உளர். அக்கூற்றுச் சைவ நூற்றுணிபுக்கு ஒக்குமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் இப்புண் தோன்றுமாறு அறிதல் வேண்டும். உடலின் பாரம், எலும்புக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட தசையை நெடுநேரம் அழுத்துங்கால், ஆண்டுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் நெரிந்து அடைபடும். குருதி பெறாத தசை மடியும். ஈரமும், படுக்கையில் உடல் இழுபடுதலும் கேட்டினை மிகுவிக்கும். முற்றியவழி எலும்பு தோன்றுமளவு புண் ஆழ்ந்துவிடும்.

நலமுடையார்க்கு இது வாராமை என்னை? ஒரு பக்கமாகவே கிடப்பின் அவ்விடம் நோகும். நோகவே, உறக்கத்திலும் உடல் தானே புரளும். ஆகவே நோவென்பது உடலைக் காத்தற்பொருட்டு இறைவன் வைத்ததோர் ஏவல், மறக்கருணையின் பாற்படுவது. முதுகுத்தண்டு ஊறுபட்டு உணர்ச்சி இழந்தார்க்கு இப்புண் எளிதில் உண்டாதல் இதனை வலியுறுத்தும்.

படுக்கையிற் கிடப்பார் பலர்க்கோ ஏவல் உண்டு. அதன்வழி நிற்கும் ஆற்றல் இல்லை. அவர் படுந்துன்பம் சொல்லுந்தரத்ததன்று. தீயாற் சுட்டாற்போல எரியும். ஊசியாற் குத்தினாற்போலக் குத்தும். கட்டு மாற்றுங்கால், ஒட்டிய துணியை உரிக்க உயிர் துடிக்கும். புரட்டினும் நோகும், புரட்டாதொழியினும் நோகும். நாற்றத்திற்கு நாணி உற்றாரைக் காணவும் கூசுவர். பலகால் அழைப்பின் சலித்துக்கொள்வரோ என்றஞ்சி வாய்திறவாதாரும் உளர். சொல்லியும் நம்பப்பெறாதார் துயரம் அனைத்தினும் கொடிது. தோல் கிழியாமுன்னரே நோவு மிகுதல் உண்டாகலின், புண் சிறிதெனக் கண்டு நோவும் சிறிதெனக் கொள்ளற்க. ஒருவர் நோவிற்கு அவர் சொல்லே சான்று.

இனி, இப்புண் தவிர்க்கலாகாத விதியோ எனின், அற்றன்று. 19-ஆம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டு மருத்துவர் ஷார்கோ என்பார், நரம்பு கெட்டமையானே இது விளையுமென்று கற்பித்தார். பிரௌன் செக்கார் என்பார் அதனை மறுத்து, அழுத்தமே காரணம் என்றார். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு ஊறுபட்டார்க்கெனத் தொடங்கிய பகுதியில், லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இரண்டு மணிக்கு ஒருமுறை இரவும் பகலும் அவரைப் புரட்டுவித்தார். பிழையார் எனக் கைவிடப்பட்டோர் பலர் பிழைத்தனர். 1948-இல் அங்கு அத்தகையார் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து விற்போட்டி ஆடினர். விதியெனப்பட்டது பெரும்பாலும் கவனக்குறைவே என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் வினை இல்லையோ எனின், உண்டு. ஆயின் வினையை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே. பிறர் வினையை அளந்து தீர்ப்புக் கூறுதல் சிற்றறிவுடைய உயிர்க்கு உரியதன்று. நோயாளர் நுகர்வது பிராரத்தமாயின், கண்டும் வாளாவிருப்பார் ஈட்டுவது ஆகாமியம் என்க. சூலைநோயால் வருந்தி வந்த நாவரசரைத் திலகவதியார் வினைகூறி ஒதுக்கினாரல்லர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்தேகினார். நாவரசரும் நோவு பொறுக்கலாற்றாமையை இறைவன் திருமுன் வாய்விட்டு முறையிட்டார்; அம்முறையீடே திருப்பதிகமாயிற்று. ஆகலின் நோயாளர் அலறுதல் அன்பின்மையும் ஆகாது; பொறையின்மையும் ஆகாது.

புரள இயலாதாரிடத்து நோவு இடும் ஏவல் பக்கத்திருப்பார் கையின்மேற்று. உடல்நிலைக்கேற்ப வேளைதோறும் மெல்லப் புரட்டுதல், தலையணை தாங்கக் கொடுத்தல், ஈரம் அகற்றல், கட்டு மாற்றுமுன் மருத்துவர் வகுத்த வலிநீக்கி மருந்தினை அளித்தல், “எங்கே நோகிறது?” என்று வினாவி விடையை நம்புதல் ஆகியன அக்கடன். இவையெல்லாம் செய்தும், இறுதிக்காலத்துச் சிலர்க்குப் புண் உண்டாதல் கூடும். அப்பொழுதும் நோவைத் தணிக்கும் கடன் ஒழியாது. இரவிற் கண்விழித்து ஓர் உடலைப் புரட்டும் கை, இறைபணியில் நிற்கும் கையே ஆம்.

திருச்சிற்றம்பலம்.