பதினைந்து வெள்ளிப் படம்

இந்த முறை ஒரு சின்னப் பொய்யைப் பற்றி எழுதப் போகிறேன். பொய் சொன்னது நான்தான். இடம் பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி.

லோரோங் கூலிட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் நின்றுபோன கைக்கடிகாரங்கள், டிவி இல்லாத ரிமோட்டுகள், பூப்போட்ட மங்குத் தட்டுகள், ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, யாரோ ஒரு பாட்டியின் பித்தளைச் சொம்பு. எனக்கு அங்கே சுற்றுவது பைத்தியம் மாதிரி. வீட்டில் அம்மா, “குப்பைய வெளிய போட ஒரு லோரி வருது, உள்ள கொண்டார நீ வர்ற” என்பார்.

அன்று ஓர் ஓரத்தில் ஒரு தமிழ் ஆண்டி உட்கார்ந்திருந்தார். வயது எழுபது இருக்கும். வழக்கமாகக் கடை போடுபவர் இல்லை, பார்த்தாலே தெரிந்தது. எந்தச் சாமானுக்கும் விலை யோசித்து வைத்திருக்கவில்லை. அண்ணன் தவறிவிட்டாராம், வாடகை வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம். நாலு பெட்டிச் சாமானைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்.

அதில் ஒரு படம். பால்மரக் காடு, இன்னும் விடியவில்லை, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் மரத்துப் பக்கம் குனிந்து நிற்கிறாள். தூரத்தில் லயத்து வீடுகளின் தகரக் கூரை. மூலையில் தமிழில் இரண்டு எழுத்தும் 1961 என்ற எண்ணும். கண்ணாடிக்குள்ளேயே காகிதம் லேசாக நெளிந்திருப்பது தெரிந்தது. வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு ஓடியது. அச்சடித்த படத்தில் இது இருக்காது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

சந்தைக்குப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. பிடித்த பொருளைப் பார்த்ததும் முகத்தில் காட்டக்கூடாது. பக்கத்தில் இருக்கும் வேறு எதையாவது எடுத்து விலை கேட்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு அலட்சியமாக, “இந்தச் சட்டம் எவ்வளவு ஆண்டி?” என்றேன்.

“இருவது குடு தம்பி.”

“படம் வேணாம் ஆண்டி, வெறும் சட்டந்தான். வீட்ல முருகர் படத்துக்கு அளவு சரியா இருக்கும். பதினஞ்சு வெள்ளி?”

கொடுத்துவிட்டார். “முருகருக்கா, எடுத்துக்கப்பா” என்று பழைய நாளிதழில் சுற்றியும் தந்தார். வீட்டில் அப்படி ஒரு முருகர் படமே இல்லை. அஞ்சு வெள்ளி மிச்சம் பிடிக்க முருகனைச் சாட்சிக்கு இழுத்தவன் நான்.

அடுத்த வாரம் சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். சீன அங்கிள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அச்சுப் படம் என்றால் கண்ணாடியில் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும், கையால் வரைந்தது என்றால் புள்ளி இருக்காது, தண்ணீர் காய்ந்த ஓரம் தெரியும் என்று எனக்கும் காட்டினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. “நீ விக்கிறியா? ஆயிரத்து இருநூறு, இப்பவே தரேன்.” ஒரு வியாபாரி நின்ற நிலையில் ஆயிரத்து இருநூறு சொன்னால் அதன் உண்மை விலை இன்னும் மேலே என்று அர்த்தம்.

(இடையில் ஒன்று. உங்கள் வீட்டுச் சாமி படங்களையும் இப்படி ஒரு முறை பாருங்கள். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான் அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்குள் வந்தார்கள். கல்லச்சில் அடித்து, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போலவே காட்டுவார்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் காலண்டராக வந்தன. சாமி மேடையில் கரி படிந்து நிற்கும் தாத்தா காலத்துப் படத்தை, புதிய பளபளப்புப் படம் வந்ததும் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். வைப்பதற்கு முன் ஒரு தடவை பின்பக்கமாவது திருப்பிப் பார்க்கலாம்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு கூட்டம் முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரே குடிக்கும்போது இதைச் சொன்னேன். எல்லாரும் கைகொடுப்பார்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் கொடுத்தார்கள்.

கைகொடுத்தவர்களின் வாதம் லேசானது இல்லை. ஒருவன் கேட்டான்: “பென்சில் கோட்டப் பாத்ததும் ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? பத்து வருசமா வெயில்ல சுத்தி, புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட. அந்தப் படிப்புக்குக் கூலி இல்லையா? டாக்டர் அஞ்சு நிமிசம் பாத்துட்டு நூறு வெள்ளி வாங்கலையா?” இன்னொருத்தி அதற்கும் மேலே போனாள். “போன வருசம் பழைய கிரிஸ்னு சொல்லிப் புதுசத் தலையில கட்டினானே, அவன் காசத் திருப்பிக் குடுத்தானா? நீ தோத்தா ஒன்னோடது, ஜெயிச்சா பங்கு குடுக்கணுமா?”

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் அந்த இரண்டாவது கேள்விக்கு முழுப் பதில் இல்லை.

இப்படிப்பட்ட கதைகள் செய்தியில் வரும்போது யாரும் விற்றவரைப் பற்றிப் பேசுவதில்லை. 1989-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துச் சந்தை ஒன்றில் ஒருவர் நாலு டாலருக்கு ஒரு பழைய படம் வாங்கினார். படத்துக்குப் பின்னால் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 1776-ஆம் ஆண்டு அச்சுப் பிரதி மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1991-இல் அது ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2017-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பெண் பழைய பொருள் கடையில் நாலு டாலருக்கு வாங்கிய படம், என். சி. வையத் என்ற பெரிய ஓவியர் வரைந்த மூலப் படம் என்று பிறகு தெரிந்தது. 2023-இல் அதை ஏலத்தில் 1,91,000 டாலருக்குக் கேட்டார்கள். இதில் என்னைக் குத்தியது என்ன தெரியுமா? அந்த மனிதருக்குப் பிடித்தது சட்டம். அந்தப் பெண்ணும் பழைய சட்டங்களைத் தேடித்தான் போயிருந்தார். அவர்கள் உண்மையாகவே சட்டத்துக்காக வாங்கியவர்கள். நான் அதே வார்த்தையைப் பொய்யாகச் சொன்னவன்.

சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்ட கதை நினைவிருக்கிறதா? ஒருவன் நிலம் வாங்கி உழுதபோது தங்கக் குடம் கிடைக்கிறது. விற்றவனிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். “நான் நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கம் உன்னுடையது.” விற்றவன், “நிலத்தோடு அதில் இருப்பதையும் விற்றுவிட்டேன், உன்னுடையதுதான்” என்கிறான். வழக்கு தருமரிடம் போகிறது. தீர்ப்புக்குத் தவணை சொல்லி அனுப்புகிறார். திரும்பி வரும்போது இருவரும் தங்கம் எனக்கே என்று அடித்துக்கொள்கிறார்கள், இடையில் கலியுகம் பிறந்துவிட்டதாம். வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது யோசித்தால், அந்தக் கதை என் பிரச்சனையைத் தொடவே இல்லை. அதில் இரண்டு பேருக்குமே குடம் இருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

என் பிரச்சனையைச் சரியாகத் தொட்டவர் ஒரு ரோமானியர். சிசெரோ தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஸ்கேவோலா என்பவரைச் சொல்கிறார். அவர் ஒரு நிலம் வாங்கப் போனார், விற்பவர் விலை சொன்னார். ஸ்கேவோலா, “இதன் மதிப்பு அதைவிட அதிகம்” என்று சொல்லி ஒரு லட்சம் காசு கூடுதலாகக் கொடுத்தாராம். இது நல்லவன் செய்வதுதான், ஆனால் புத்திசாலி செய்வதில்லை என்று அந்தக் காலத்து ஆட்களும் சொன்னார்கள் என்று சிசெரோவே எழுதுகிறார். ஒட்டுக்கடைப் பேச்சு இரண்டாயிரம் வருடமாக மாறவில்லை.

நம்மவர்கள் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும்போது, வாங்குவதை மிகையாகவும் வாங்கமாட்டார்கள், கொடுப்பதைக் குறைவாகவும் கொடுக்கமாட்டார்கள் என்கிறார்கள். வள்ளுவர் நடுவுநிலைமையில் அடுத்தவர் பொருளையும் தன் பொருள் போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்று முடிக்கிறார். இதைத் திருக்குறள் போட்டியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். அந்தக் கோப்பையும் ஒரு நாள் லோரோங் கூலிட்டுக்குத்தான் போகும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடை வைத்து வியாபாரம் பண்ணுகிறவரிடம் வாய் திறக்காமல் வாங்குவது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. விலை தெரிந்துகொள்வது அவர் தொழில், எனக்குத் தெரிந்ததற்குக் கூலி எனக்கு. சீன அங்கிளே நாளைக்கு ஒரு பொருளின் அருமை தெரியாமல் விற்றால் நான் பேசாமல் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த ஆண்டி வியாபாரி இல்லை. துக்க வீட்டைக் காலி பண்ண வந்தவர். அதைவிட முக்கியம், நான் பேசாமல் இருக்கவில்லை. “படம் வேணாம்” என்றேன். “படம் நல்லா இருக்கே ஆண்டி” என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு நிமிடம் அதைத் திரும்பிப் பார்த்திருப்பார். ஐம்பது கேட்டிருப்பார், இல்லை கொடுக்கவே மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு எந்தப் படிப்பும் கூலி ஆகாது.

பழைய பொருள் விஷயத்தில் கேட்காமல் இருப்பதன் ஆபத்து இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-இல் ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு உமா பரமேஸ்வரி செப்புச் சிலையை வாங்கியது. அது தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து களவு போனது என்று தெரிந்து 2015-இல் இந்தியாவுக்குத் திருப்பித் தந்தார்கள். பெரிய அரும்பொருளகத்துக்கே இந்த நிலை. சந்தையில் பழைய சாமி சிலையைப் பார்த்தால் நம் பிள்ளைகள் முதலில் விலை கேட்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு.

சரி, ஆண்டியைத் தேடிப் போனேனா? போனேன். முதல் ஞாயிறு இல்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. உண்மையைச் சொன்னால், இல்லை என்றதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது ஞாயிறு அதே ஓரத்தில் மீதிச் சாமானோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முருகர் படம் பொய் என்பதையும்தான்.

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “படத்த வித்துட்டியா?” என்றார்.

“இல்ல ஆண்டி. வேணும்னா திருப்பிக் கொண்டாரேன்.”

“கொண்டாந்து? வைக்க எனக்குச் சொவரு ஏது? மக வீட்ல ஒரு ரூம்புல கெடக்கேன்.” அப்புறம் சொன்னார், அண்ணன் அந்தப் படத்தைக் கட்டிலுக்கு நேரே மாட்டியிருந்தாராம். யார் வரைந்தது என்று கேட்க வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லையாம். “எங்கம்மா அப்படித்தான் வெளக்கக் கட்டிக்கிட்டுப் போவும். நாலு மணிக்கு.”

முந்நூறு வெள்ளி கொண்டுபோயிருந்தேன். படத்தை விற்கப் போவதில்லை என்பதால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பாதி கொடுத்திருக்க வேண்டும் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். ஆண்டி இரண்டு தடவை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

எழுந்திருக்கும்போது பழக்க தோஷம், கை தானாக ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தது. “இது எவ்வளவு ஆண்டி?”

சொம்பை என் கையிலிருந்து வாங்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

“எண்பது வெள்ளி. கொறைக்க மாட்டேன்.”