குருதியின் எண்ணும் வைத்தியரின் தீர்ப்பும்

தன் தீர்ப்பின் பொறுப்பை மனிதன் ஓர் எண்ணிடம் ஒப்படைக்கலாமா? இவ்வினா மெய்யியலாளருக்கு மட்டும் உரியதன்று. வயிற்றுவலியோடு வைத்தியசாலைக்கு வரும் எளிய மனிதனின் உயிரோடும் அது பிணைந்ததாகும்.

பெருங்குடலின் சுவரில் சிலருக்குச் சிறு பைகள் புடைத்திருக்கும். அவற்றுள் ஒன்று அழற்சியுறும்போது கடும் வலியும் காய்ச்சலும் தோன்றும். மேலை நாட்டவர்க்கு இது பெரும்பாலும் இடப்புறத்தே வரும். ஆசிய மக்களிடையே வலப்புறத்தே வருதலும் மிகுதியாதலின், குடல்வால் அழற்சியென மயங்க இடமுண்டு.

இந்நோயின் கடுமையை அறிய வைத்தியர் குருதியை நாடுகிறார். வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையோடு, 1930இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் கண்டறிந்த சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவும் நோக்கப்படும். அழற்சி நேரும்போது ஈரல் இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. லீற்றருக்கு 150 மில்லிகிராமை அது தாண்டின், குடல் துளைபடுதல், சீழ்கட்டுதல் முதலிய சிக்கல்களை ஐயுறுவர்.

எண் குறைந்திருப்பின் செய்யத்தக்கது யாது? முன்னர் இந்நோயாளர்க்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதே வழமையாயிருந்தது. சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளரிடம் நிகழ்த்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சிக்கலற்ற நோயில் அம்மருந்து குணமடைதலை விரைவுபடுத்தவில்லை எனக் காட்டிற்று. வீணாக வழங்கும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளை வளர்த்துப் பிறர்க்கும் தீங்காகும். ஆகவே கொடாமையும் ஓர் அறமாயிற்று. எனினும் அவ்வாய்வில் நோய் சி.ரி. ஸ்கான் படத்தால் உறுதிசெய்யப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, வன்னியின் புதுக்குடியிருப்பை எண்ணுக. வயலில் வலி தொடங்கி மூன்று மணித்தியாலத்துள் ஒரு கமக்காரர் வைத்தியசாலைக்கு வருகிறார் எனக் கொள்வோம். சி.ஆர்.பி. ஏறத் தொடங்கவே ஆறு மணித்தியாலம் வரை செல்லும். உச்சமடைய ஏறத்தாழ இரண்டு நாளாகும். அவரது குறைந்த எண் நோயின்மையைக் காட்டவில்லை. காலம் போதாமையையே காட்டுகிறது. மாறாக, மூட்டுவாதத்துக்கு ஸ்டீரொயிட் உண்ணும் மூதாட்டியின் வயிறு, உள்ளே குடல் துளைபட்டிருப்பினும் மென்மையாகவே தோன்றக்கூடும். கை அறியாததை ஆங்கு எண் உரைக்கலாம். எனவே எண்ணை வணங்குதலும் தவறு, இகழ்தலும் தவறு.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயின் அளவை மட்டும் நோக்குமாறு கூறவில்லை. நோயாளியின் நிலையையும் காலத்தையும் சேர்த்தே எண்ணச் சொல்கிறது. ஆய்வுகூடம் தருவது இம்மூன்றனுள் ஒன்றின் ஒரு பகுதியே.

2009 பெப்ரவரியில் எறிகணை வீச்சுக்கிடையே புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் நோயாளர் புதுமாத்தளனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மருந்தும் கருவியும் அருகியிருந்த அந்நாளிலும் தீர்ப்பின் பொறுப்பு வைத்தியரை விட்டு நீங்கவில்லை. கருவிகள் வாய்க்கும் நாளில் அது எங்ஙனம் நீங்கும்?

எண் ஒரு நல்ல சாட்சி, தீர்ப்பாளன் அன்று. ஐயமுள்ள நோயாளியை இரவு தங்கவைத்து, விடியலில் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குருதியை மறுபடி சோதித்தல் வேண்டும். ஒருநாட் கூலியை இழந்து ஏன் தங்கவேண்டுமென அவர் வினவுவாராயின், தன் ஐயத்தை ஒளியாது உரைத்தலும் வைத்தியரின் கடனேயாம்.