அதட்டிய வாயே அழைக்கட்டும்



வருகிற புதன்கிழமை காலை உங்களில் பலருடைய வீடுகளில் ஒரு தேடல் நடக்கும். "அம்மா, என்ர பிங்க் சட்டை எங்கே?" என்று பிள்ளை அலுமாரியைக் கிளறும். பெப்ரவரியின் கடைசிப் புதன்கிழமையைக் கனடாவின் பல மாகாணங்களில் பிங்க் சட்டை நாளாக வைத்திருக்கிறார்கள். சீருடையிலேயே பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் அன்று பல பள்ளிகளில் அந்த நிறத்துக்கு அனுமதி உண்டு. திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது சிலர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டீர்கள்: "ஃபாதர், இது அந்த ஆக்களுக்கான நாள் எண்டு சொல்லுகினம். பிள்ளையை விடலாமோ?" பிள்ளைமேல் உள்ள அக்கறையில் பிறந்த கேள்வி அது. அதை இன்று ஆண்டவருடைய வார்த்தையின் முன்னால் வைத்து, அவசரமில்லாமல் பார்ப்போம்.

இந்த நாள் எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 செப்டெம்பர் மாதம், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கேம்பிரிட்ஜ் என்கிற சிறிய ஊர். சென்ட்ரல் கிங்ஸ் ரூரல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், பள்ளி தொடங்கிய நாளன்று பிங்க் நிறச் சட்டை போட்டு வந்தான். சில மாணவர்கள் அவனைத் தன்பாலீர்ப்புக்காரன் என்று பழித்தார்கள், அடிப்போம் என்று மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த டேவிட் ஷெப்பர்ட், ட்ராவிஸ் பிரைஸ் என்ற இருவர் இதைக் கேள்விப்பட்டார்கள். மலிவு விலைக் கடை ஒன்றுக்குப் போய் பிங்க் சட்டைகளையும் பனியன்களையும் டசின் கணக்கில் வாங்கினார்கள். அன்றிரவே நண்பர்களுக்கெல்லாம் இணையத்தில் செய்தி அனுப்பினார்கள். அடுத்த முறை பள்ளி கூடியபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பிங்க் நிறத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பையன் உள்ளே வந்து அதைக் கண்டதும், அவன் தோளிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்று அவர்களில் ஒருவர் பின்னர் சொன்னார். அடுத்த பெப்ரவரியில், 2008இல், பிரிட்டிஷ் கொலம்பியா அதை மாகாணம் முழுவதற்குமான நாளாக அறிவித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையன் உண்மையில் எப்படிப்பட்டவன் என்பது அந்தச் சட்டைகளுக்கு நிபந்தனையாக இருக்கவில்லை. அடி விழப்போகிறது, அவன் தனியாக நிற்கிறான். அவனருகே போய் நிற்பதற்கு அந்த இரண்டு மாணவருக்கும் இது போதுமாயிருந்தது.

அன்பானவர்களே, மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் எரிகோவை விட்டுப் புறப்படுகிறார். வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு இருந்து பிச்சை எடுக்கிறார். நாசரேத்து இயேசு வருகிறார் என்று கேட்டவுடன், தாவீதின் மகனே, எனக்கு இரங்கும் என்று கத்தத் தொடங்குகிறார். பலர் அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டுகிறார்கள். யார் இந்தப் பலர்? பரிசேயர் என்று மாற்கு சொல்லவில்லை. உரோமைப் படைவீரர் என்றும் சொல்லவில்லை. அவர்கள் இயேசுவோடு நடந்து வந்தவர்கள். அவருடைய போதனையைக் கேட்டவர்கள், அவர் எருசலேமுக்குப் போகும் வழியில் கூடவே போகிறவர்கள். நம்மைப்போன்றவர்கள். போகிற பயணம் புனிதமானது, நடுவில் இந்தக் கூச்சல் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

இயேசு நின்றார். நின்றவர் தாமே பர்த்திமேயுவிடம் போயிருக்கலாம், அவர் பெயரைச் சொல்லி அழைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவனைக் கூப்பிடுங்கள் என்று கூட்டத்தாரிடமே சொன்னார். அதட்டிய வாயாலேயே அழைக்க வைத்தார். கூட்டமும் கீழ்ப்படிந்தது. சற்று முன்பு வாயை மூடு என்றவர்கள் இப்போது பயப்படாதே, எழுந்து வா, உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்கிறார்கள். பர்த்திமேயுவின் கண்கள் திறந்தது அதற்குப் பிறகுதான். அவருக்கு முன்பே ஆண்டவர் அந்தக் கூட்டத்தைக் குணமாக்கிவிட்டார்.

இப்போது என்னை நானும், உங்களை நீங்களும் கேட்டுக்கொள்வோம். நம் வீட்டில், நம் பங்கில், வழியோரத்தில் இருக்கும் பிள்ளைக்கு நம் வாயிலிருந்து இதுவரை எந்த வார்த்தை போயிருக்கிறது? அதட்டலா, அழைப்பா?

அழைப்பின் பக்கம் நின்ற சில மாணவர்களைப் பாருங்கள். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்து மாணவர்கள் 150 பேருக்கு மேல், ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தார்கள். விரிவுரைக்குப் போனார்கள், சாப்பிடப் போனார்கள், ஆனால் வாய் திறக்கவில்லை. தன்பாலீர்ப்புள்ள தங்கள் நண்பர்கள் தாங்கள் யார் என்று சொல்லப் பயந்து ஒவ்வொரு நாளும் சுமக்கிற மௌனத்தை அவர்கள் அன்று தாங்களாகவே சுமந்தார்கள். பின்னர் அந்த மௌன நாள் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பதாகையும் இல்லை, கோஷமும் இல்லை. பக்கத்திலிருந்து படித்தவனுடைய பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவருடைய சுமையைத் தாங்கவேண்டும் என்று பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியதை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

நம் ஒன்ராறியோவிலும் இந்தப் பிள்ளைகளின் கதை கண்ணீரோடு எழுதப்பட்ட வரலாறுதான். 2011 ஒக்டோபரில் ஒட்டாவாவில் 15 வயதுப் பையன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பனிச்சறுக்கு நடனம் பழகியவன் என்பதற்காகவே சின்ன வயதிலிருந்து கேலி கேட்டவன். மனச்சோர்வோடும் போராடினான். தன்னைப்போன்ற தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளியில் வானவில் மன்றம் ஒன்றைத் தொடங்க முயன்றான். அவன் ஒட்டிய சுவரொட்டிகளை யாரோ கிழித்தார்கள். அதே ஆண்டில், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இப்படி ஒரு மன்றம் கேட்ட மாணவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வானவில் படம்கூட வேண்டாம் என்றபோது, அவர்கள் சிறு கேக்குகளுக்குள் வானவில் நிறங்களைக் கலந்து வேகவைத்துக் கொண்டுவந்தார்கள் என்று செய்தியில் வந்தது. 2012இல் மாகாணச் சட்டம் மாறியது. மாணவர் கேட்டால் அத்தகைய மன்றத்துக்குப் பள்ளி இடம் கொடுக்கவேண்டும், அதன் பெயரையும் அவர்களே வைக்கலாம் என்று வந்தது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். அப்போது நம் ஆயர்களுக்குக் கவலை இருந்தது, பெற்றோர் பலருக்கும் இருந்தது. அந்தக் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனாலும், மன்றத்தின் பெயரைப் பற்றி நாம் பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், மதிய உணவு மேசையில் தனியாக இருந்த பிள்ளையிடம் போய் உட்கார்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகளுடைய வகுப்புத் தோழர்கள்தான்.

"அப்படியென்றால் திருச்சபை தன் படிப்பினையை விட்டுவிட்டதா ஃபாதர்?" என்று நீங்கள் கேட்கலாம். திருமணத்தைப் பற்றியும் கற்பைப் பற்றியும் திருச்சபை சொல்வது உங்களுக்குத் தெரியும். அதை மாற்றிச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2358ஆம் எண்ணை வாசியுங்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மதிப்போடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்கவேண்டும், அநீதியாக அவர்களை ஒதுக்கும் எந்த அடையாளமும் கூடாது என்பது அங்கே உள்ள போதனை. இதுவும் திருச்சபையின் படிப்பினைதான். ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறக்காமல் விடமுடியாது. 1997இல் அமெரிக்க ஆயர்களின் குழு ஒன்று பெற்றோருக்கென்றே ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதியது. இவர்கள் எப்போதும் நம் பிள்ளைகளே என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். பிள்ளையோடு உறவை அறுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளையைப் புறக்கணிக்காதீர்கள் என்று அதில் பெற்றோரைக் கேட்டுக்கொண்டது.

மைனஸ் இருபதில் ஒருவர் வந்து நம் கதவைத் தட்டினால் என்ன செய்வோம்? எங்கிருந்து வருகிறீர், ஏன் வந்தீர் என்று வாசலில் நிறுத்தி விசாரிப்போமா? முதலில் உள்ளே வாங்கோ என்போம், சூடாகக் குடிக்க ஏதாவது கொடுப்போம். பேச வேண்டியதைப் பேச அதற்குப் பிறகு நேரமிருக்கும். இரக்கம் முதலில் செய்வது இதைத்தான். விறைத்துப்போன பிள்ளையிடம் வாசலிலேயே கேள்வி கேட்கிற வீடு கிறிஸ்தவ வீடு இல்லை.

நம் வீடுகளுக்குள் வருவோம். ஒரு தாய் மாலையில் மகனுடைய பையைத் திறக்கிறாள். காலையில் கட்டிக் கொடுத்த புட்டும் முட்டைப் பொரியலும் மூடி திறக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. "பசிக்கேல்லை அம்மா" என்கிறான். அடுத்த நாளும் அப்படியே. அவன் உணவறைக்குள் போனால் ஒரு மேசை சிரிக்கும், அவன் நடையைப்போல் ஒருவன் நடந்து காட்டுவான். ஆகவே மதிய வேளையை நூலகத்தின் மூலையிலோ கழிவறையிலோ கழித்துவிட்டு வருகிறான். வீட்டிலாவது அவன் ஆறுதலாக இருக்கலாமா? இரவு எல்லோரும் தொலைக்காட்சியின் முன்னால் இருக்கிறோம். படத்தில் ஓர் ஆண் பெண்ணைப்போல் நெளிந்து வருகிறான், நகைச்சுவைக் காட்சி. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், மாமா ஒரு சொல்லைச் சொல்கிறார், இன்னும் சிரிப்பு. சோபாவின் ஓரத்தில் இருக்கிற பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. நம்முடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றிரவே அது முடிவு செய்துவிடுகிறது, இந்த வீட்டில் இதைப் பற்றி வாய் திறக்கவே கூடாது என்று.

நாம் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஆனால் பேசாதே என்று சொல்லிவிட்டோம்.

நம் சனத்துக்கு இன்னொரு பயமும் உண்டு. சனம் என்ன சொல்லும் என்பது. ஊரை இழந்து, உறவுகளை இழந்து, இந்தக் குளிருக்குள் வந்து இரண்டு வேலை செய்து கட்டியெழுப்பிய குடும்பப் பெயர் அல்லவா? அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிவேன், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். குண்டுச் சத்தத்துக்குள் பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் நாம். அப்படிக் காப்பாற்றிய பிள்ளையையா, இன்று அயலவரின் வாய்க்குப் பயந்து கைவிடப்போகிறோம்? நம்மால் அது முடியாது. பிள்ளைக்காக எதையும் தாங்குகிற அன்பு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆண்டவர் அதே அன்பை இன்னும் ஒரு படி தூரம் கொண்டுபோகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இந்த ஆலயத்தில் பின்வரிசையில் இருந்து, இதெல்லாம் என்னைப் பற்றித்தான் என்று கேட்டுக்கொண்டிருக்கிற மகனே, மகளே, இப்போது உன்னோடு பேசுகிறேன். கடவுள் உன்னைத் தம் சாயலில் படைத்தார். இந்தத் திருமுழுக்குத் தொட்டியில் உன்னைப் பெயர் சொல்லி அழைத்தார், அந்த அழைப்பை அவர் திரும்ப எடுக்கவில்லை. உன்னை அதட்டியவர்கள் அவருடைய பெயரால் அதட்டியிருந்தால், அது அவருடைய குரல் அல்ல என்று அறிந்துகொள். பர்த்திமேயு அதட்டலைக் கேட்டு அடங்கிவிடவில்லை, முன்னிலும் உரக்கக் கத்தினார். நீயும் கத்து. செபத்தில் கத்து. நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லு. உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிற இரவு வந்தால், தனியாக இருக்காதே. அப்படிப்பட்ட வேளையில் உதவுவதற்கென்றே உள்ள 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். என் வாசலுக்கும் வரலாம். நான் உன்னை விசாரிக்க மாட்டேன், உன்னோடு இருப்பேன்.

கேலி செய்த பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எறிந்தவர்கள், எறியும்போது சிரித்தவர்கள், சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். உங்களையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லை. எரிகோவில் அதட்டியவர்களை அவர் கூட்டத்திலிருந்து விலக்கினாரா? இல்லையே. தம் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தார். உங்கள் வாயில் இருந்த பழைய வார்த்தையை எடுத்துவிட்டுப் புதிய வார்த்தையை வைக்க அவருக்கு ஒரு கணம் போதும். இந்தத் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வாருங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடம் போய், பிழை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் எந்தத் தகப்பனும் சிறுத்துப் போவதில்லை.

ஆகவே அன்பு சகோதர சகோதரிகளே, புதன்கிழமை பிள்ளை அந்தச் சட்டையைக் கேட்டால் மனநிறைவோடு எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள், எதற்காக அந்தப் பையனை மிரட்டினார்கள் என்பதை விழுங்காமல் சொல்லுங்கள். எல்லோரோடும் நல்லபடி நட என்று பொதுவாகச் சொல்லி முடித்தால், யாருக்காக அந்த நாள் தொடங்கியதோ அந்தப் பிள்ளை மறுபடியும் மறைந்துபோகும். பிறகு இன்னொன்றும் சொல்லுங்கள்: "நீ யாராக இருந்தாலும் என் பிள்ளை. என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் வா." சட்டை ஒரு நாளுக்குத்தான். இந்த வார்த்தை பிள்ளையோடு ஆயுள் முழுவதும் கூடவே போகும். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஆண்டவரிடம் துணிவு கேளுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பீடத்தில் அவரை நம் நாவில் ஏற்கப்போகிறோம். அந்த நாவாலேயே நாம் கூப்பிடாமல் விட்டவர்களைக் கூப்பிட அவர் நமக்கு அருள்தருவாராக. ஆமென்.