மோசேயின் கோபங்கள்

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில் எல்லாருக்கும் நினைவில் நிற்பது உடைந்த கற்பலகைகள். எனக்கு அதற்குச் சற்று முந்தைய இடத்தில்தான் மனம் தங்கிவிடுகிறது. கீழே ஜனங்கள் செய்து வணங்கிய பொற்கன்றுக்குட்டியைப் பற்றி மோசே மலைமேலேயே அறிந்துவிடுகிறார். சொன்னவர் கடவுள். இந்த ஜனத்தை அழித்துவிட்டு உன்னையே பெரிய ஜாதியாக்குகிறேன், என்னை விட்டுவிடு என்கிறார். மோசே விடுவதாயில்லை. எகிப்தியர் என்ன பேசுவார்கள் என்று கேட்கிறார். ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் கொடுத்த வாக்கை எடுத்து வைக்கிறார். கடவுளின் கோபம் தணிகிறது.

அப்படி மன்றாடியவர்தான் கீழே இறங்கி, கன்றையும் ஆட்டத்தையும் கண்ணால் கண்டதும் கொதித்துப்போகிறார். காதால் கேட்டபோது வராத கோபம்.

*

அந்தக் கன்று முதலில் மனைவிமார், மகன்கள், மகள்கள் காதில் கிடந்த பொன். மோசேயின் அண்ணன் ஆரோன் கேட்டதும் கழற்றிக் கொடுத்தார்கள். மோசே அதைச் சுட்டெரித்து, தூளாக அரைத்து, தண்ணீரில் தூவிக் குடிக்க வைத்தார். காதணி தெய்வமாகி, தெய்வம் தூளாகி, கடைசியில் அவரவர் தொண்டைக்குள்ளேயே இறங்கியது.

அவர்கள் கடவுளை வேண்டாமென்று தள்ளினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் ஆரோனே கூறினார். மலையேறியவர் 40 நாள் திரும்பவில்லை. கண்முன்னே ஏதாவது வேண்டியிருந்தது. காத்திருக்க முடியாத பயம் அது. அந்தப் பயத்தை நினைத்தால் அவர்கள்மேல் எனக்கு இரக்கமே வருகிறது.

*

யூத மரபு நூலான தல்மூத்தின் சபாத் பகுதியில் இரண்டு பேச்சுகள் இருக்கின்றன. பலகைகளை உடைத்ததற்காகக் கடவுள் மோசேயைப் பாராட்டினார் என்கிறது ஒன்று. கோபத்தில் துணியைக் கிழிப்பவனையும் பாத்திரத்தை உடைப்பவனையும் விக்கிரகம் வணங்குகிறவனாகவே எண்ண வேண்டும் என்கிறது மற்றொன்று. ஒரே நூலில், சில ஏடுகள் தள்ளி. ரபிமார் இரண்டில் எதையும் நீக்கவில்லை.

*

அதே 32-ஆம் அதிகாரத்தில் என்னால் கடக்க முடியாத இடம் ஒன்று உண்டு. லேவியரைப் பட்டயம் எடுக்கச் சொல்லும்போது, இஸ்ரவேலின் தேவன் சொல்கிறார் என்கிறார் மோசே. ஆனால் கடவுள் அவரிடம் அப்படிச் சொன்னதாக அந்த அதிகாரத்தில் வசனம் இல்லை. அன்று ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள். சகோதரன், சிநேகிதன், அயலான். நீதியான கோபம் என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த எண்தான் முதலில் ஞாபகம் வருகிறது. மறுநாள் அதே மோசே மலையேறி, இவர்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பேரையும் கிறுக்கிப்போடும் என்று மன்றாடுகிறார். தான் தண்டித்தவர்களை விட்டு விலகி நிற்க அவருக்கு மனமில்லை. அந்தக் கோபத்தை நான் நம்புவது இந்த ஒரு ஜெபத்தால்தான்.

*

பின்னால் காதேசில், தண்ணீரில்லாமல் ஜனங்கள் முறையிட்டபோது, கலகக்காரரே என்று அவர்களைத் திட்டி, பாறையைக் கோலால் இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் வந்தது. கானானுக்குள் போகும் வாய்ப்பு போயிற்று. கடவுள் தம் விரலால் எழுதிக் கொடுத்த பலகைகளை உடைத்தவருக்கு அன்று தண்டனை கிடையாது; ஒரு பாறையை அடித்ததற்கு இவ்வளவு. யூத அறிஞர் மைமோனிதேஸ் அந்தக் குற்றத்தைக் கோபம் என்றே வாசித்தார். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். காதேசில் கன்றுக்குட்டி எதுவும் இல்லை. தாகத்தோடு நின்ற மனிதரும் அவர்களுடைய மிருகங்களும்தான் இருந்தார்கள்.