பார்த்தவரின் பொறுப்பு

1997 ஜூன் 13. தில்லி கிரீன் பார்க்கில் உப்ஹார் திரையரங்கு. தரைத்தளத்தில் இருந்த மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் காலையிலேயே ஒருமுறை தீப்பிடித்திருந்தது. வந்த ஊழியர்கள் கம்பியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்து இணைப்பைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் அந்த இணைப்பு தளர்ந்து பொறி கக்கியது. எண்ணெய் கசிந்து கார் நிறுத்துமிடத்துக்கு ஓடியது. புகை படிக்கட்டு வழியே பால்கனிக்கு ஏறியது. அங்கே ஒரு பக்கத்து நடைவழியைக் கூடுதல் இருக்கைகள் அடைத்திருந்தன. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

சுத்தியல் பிடித்தவரின் தவறு கண்ணுக்குத் தெரிகிறது. சோதனைக்கு வந்துபோனவர்களின் பங்கு என்ன?

யாருமே பார்க்கவில்லை என்றால் ஒருவகையில் ஆறுதலாகவாவது இருந்திருக்கும். 1983-லேயே ஆய்வு நடந்தது, விதிமீறல்கள் எழுதப்பட்டன, உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அந்த நிறுத்த உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடையின் நிழலிலேயே அரங்கு 14 ஆண்டுகள் ஓடியது. தடையை நீக்கக் கேட்டு விடாமல் போராடுவதும் ஆய்வாளரின் வேலைதானே?

இழப்பீட்டு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய அதிகாரியையும் விடுவித்தது. இழப்பீட்டில் நூற்றுக்கு 85 பங்கை உரிமையாளரும் 15 பங்கை மின்வாரியமும் தர வேண்டும் என்றது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாநகராட்சி கொடுக்கும் பணம் மக்களின் வரிப்பணம். பிள்ளையைப் பறிகொடுத்தவரும் அதில் ஒரு பங்கு கட்டியிருப்பார். தவிர, ஒவ்வொரு விபத்துக்கும் ஆய்வாளர் பணம் கட்ட வேண்டுமென்றால் கோப்பில் கைவைக்கவே எவரும் துணிய மாட்டார்கள். சுவருக்குள் ஒளிந்திருக்கும் பழுதைத் தவறவிட்டவரைத் தண்டிப்பதும் அறமாகாது.

ஆனால் இங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அடைபட்ட வழி, நடந்து போனாலே காலில் தட்டும். டிக்கெட் வாங்குகிறவர் டிரான்ஸ்ஃபார்மர் அறையைத் திறந்து பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாகப் பார்ப்பதற்குத்தான் ஆய்வாளருக்குச் சம்பளம். கண்டும் சான்று கொடுத்தவரையும் போகாமலே கொடுத்தவரையும் தவறவிட்டவரோடு சேர்த்து எண்ணக் கூடாது. பணப்பொறுப்பு வேண்டாம் என்றால் சரி. அவர்களுடைய குற்றப்பொறுப்பு குறையவே கூடாது. விசாரணை நீதிமன்றம் 2007-இல் குற்றவாளிகள் என்று அறிவித்த 12 பேரில் மாநகராட்சி அதிகாரிகளும் இருந்தது சரியே.

1997-க்கு முன்பே, 1989-இல், அதே கட்டடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒருமுறை எரிந்திருந்தது.