தகுதி என்ற சொல்

மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிய நம்முடைய சண்டைகளில் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு: தகுதி. பள்ளி மதிப்பெண்தான் தகுதி என்கிறவரும், நுழைவுத் தேர்வுதான் தகுதியைக் காட்டும் என்கிறவரும், இரண்டுமே வசதியுள்ளவர்கள் போட்ட வேஷம் என்கிறவரும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். மாணவனுக்குள் தகுதி என்ற ஒரு வஸ்து ஏற்கனவே இருக்கிறது, அதை அளக்கிற கோலில்தான் தகராறு என்று. எனக்கு இந்த முதல் அடியிலேயே சந்தேகம். ஆயிரம் பேர் கேட்கிற பண்டம் நூறுதான் இருக்கிறதென்றால் யாராவது ஒரு வரிசை போட்டாக வேண்டும். மதிப்பெண் வரிசை போடுகிறது. அந்த வரிசை நியாயமானதா என்று கேட்கலாம். முன்னால் நிற்கிறவன் பின்னால் நிற்கிறவனைவிட மேலானவன் என்ற செய்தி மட்டும் எங்கிருந்து வந்து சேர்ந்தது?

வரிசை போடுகிற காரியத்துக்கு மதிப்பெண்ணை நான் ஆதரிக்கிறேன். மனிதன் முழுமையானவன், அவனை எண்ணாகச் சுருக்கலாமா என்ற ஆட்சேபம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முழு மனிதனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சோதனையையும் தமிழ்நாடு செய்து பார்த்தாயிற்று. 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கு அதைப் பற்றியது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு அப்போது மொத்தம் 275 மதிப்பெண்; அதில் 75 நேர்முகத் தேர்வுக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவை, உடல் வலு, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் பையனை எடை போட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக மூன்று நிமிஷம். எங்கள் கொங்கு நாட்டு மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கவே அதைவிட நேரமாகும். 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்று நீதிமன்றம் சொல்லிற்று. மூன்று நிமிஷத்தில் தெரியக்கூடியது நாட்டமல்ல. சட்டையின் வெளுப்பும் இங்கிலீஷின் சரளமும் சிபாரிசுக் கடிதமும்தான்.

இதற்கு எதிரில் வைத்துப் பார்த்தால் மதிப்பெண்ணின் ஊமைத்தனம் பெரிய குணம். அது அப்பன் பெயரைக் கேட்பதில்லை. அன்னூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளம் விதைத்தவர் வீட்டிலிருந்தும் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவர் வீட்டிலிருந்தும் முதல் டாக்டர் வந்தாரென்றால் அந்த ஊமை எண்ணும் இடஒதுக்கீடும் சேர்ந்துதான் கதவைத் திறந்தன.

ஊமையைப் பேச வைத்தது நம் வேலை. 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. அந்த முறையில் பாட மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அது போன பின் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும்: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பரீட்சை 200க்கு என்பதால் வேதியியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் கால் குறையும். உயிரியலில் போனால் அரை. ஒரு சமன்பாட்டில் ஓர் எண்ணை விட்டவனும் விடாதவனும் கால் வித்தியாசத்தில் பிரிந்து, ஒருவன் அரசுக் கல்லூரிக்கும் மற்றவன் வேறு எங்கோவும் போவார்கள். இருவரும் சமமாக வந்தால்? பாடவாரியாகப் பார், பிறந்த தேதியைப் பார், அதுவும் ஒன்றாக இருந்தால் கணிப்பொறி கொடுத்த ரேண்டம் எண்ணைப் பார் என்று விதி சொல்லிற்று. இந்தக் கடைசி வரி மேல் எனக்கு ஒரு பிரியம். அத்தனை தசமப் புள்ளிகளுக்கும் பிறகு ஸ்தாபனம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிற இடம் அது. ரேண்டம் எண்ணால் தோற்றவனைத் தகுதியில்லாதவன் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. கால் மதிப்பெண்ணால் தோற்றவனைச் சொல்கிறோம். இரண்டு தோல்விகளுக்கும் உள்ளபடி என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

எண்ணுக்கு மரியாதை ஏற ஏற அதைத் தயாரிக்கும் தொழிலும் வளர்ந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை ஜனங்கள் பிராய்லர் பள்ளி என்றார்கள். கோழிப் பண்ணைகள் நிறைந்த சீமையில் அது உவமையே இல்லை, நேர் விவரணை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு வருஷம் நடத்துவது வாடிக்கை. அதிலிருந்து வந்த 198உம் விளக்கடியில் தனியே படித்த 198உம் ஒரே எண். வரிசைக்கு அது போதும். மனிதனைப் பற்றிய தீர்ப்புக்கு?

2017இல் நீட் வந்தது. 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு. பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பு, தேர்வு எழுத அனுமதிக்கிற சீட்டாகச் சுருங்கிற்று. அரியலூர் மாவட்டத்து அனிதா அந்த வருஷம் 1200க்கு 1176 எடுத்தார். பழைய கணக்கில் கட்-ஆஃப் 196.75. நீட்டில் 86. உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு வந்து செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றி இரண்டு தரப்பும் பேசியது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு தரப்புக்கு 1176 அவருடைய உண்மையான தகுதி. இன்னொரு தரப்புக்கு 86. கோலை மாற்றிய வருஷத்தில் ஒரே பெண் இரண்டு இடத்தில் நின்றார் என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பருத்தி ஏலத்தில் வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இழுத்துப் பார்த்து விலை சொல்கிறான். பருத்திக்குத் தன் விலை கேட்காது. பதினேழு வயசுக்குக் கேட்கிறது. கேட்டதை நம்பிவிடுகிறது.

இந்தச் சொல் எவ்வளவு பொள்ளல் என்பதற்கு 2023 செப்டம்பர் போதும். மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் தகுதிக்கான பெர்சென்டைலை மத்திய அரசு பூஜ்யமாக்கிற்று. தேர்வு எழுதிய அனைவரும் தகுதி பெற்றார்கள். காலியாகக் கிடந்த இடங்களை நிரப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மேற்படிப்பு வரிசையில் எம்.பி.பி.எஸ். படித்த வருஷங்களின் மதிப்பெண்ணுக்கு எடையே கிடையாது என்பதும் கவனிக்கத் தக்கது. ஆனால் கடினமான, தொலைவான பகுதிகளில் வேலை பார்த்த அரசு டாக்டருக்கு ஆண்டுக்கு 10 சதவீதமாக 30 சதவீதம் வரை கூட்டிக் கொடுக்க விதி இடம் தந்தது. எண்ணுக்குள் ஒரு வாழ்க்கை நுழைய முடிந்த அபூர்வமான சந்து அது.

இதை எழுத்தாளர்கள் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. க.நா.சு. பட்டியல் போட்டார், நாம் பல வருஷம் அதோடு மல்லுக்கட்டினோம். விமர்சகன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் என்றோம். சரிதான். தீர்ப்புக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை எதிர்த்து வாதாட இடம் வேண்டும். தரவரிசை எண் காரணம் சொல்வதில்லை. ஆகவே அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள நமக்கு அருகதையில்லை. கவிதைக்கு நாம் கேட்ட நியாயத்தைக் குழந்தைகளுக்குக் கேட்காமல் விட்டோம்.

எனக்குப் படுவது இது. டாக்டர் படிப்பைத் தாங்கக்கூடியவர்கள் யார் என்று ஒரு கோடு போட மதிப்பெண் உதவும். கோட்டுக்கு மேலே, அநேகமாகச் சமமாக நிற்கிற கூட்டத்தில், குலுக்கிச் சீட்டெடுப்பது அதிக நேர்மையானது. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் நடந்தது: முதலில் கோடு, பிறகு குடவோலை. அந்தக் கோடு கால் வேலி நிலமும் வேத ஞானமும் கேட்டது என்பதை மறந்து புல்லரிக்க வேண்டியதில்லை. கோடு எப்போதும் யாரையோ வெளியே நிறுத்தும். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கியது அந்தக் கோட்டைத் திருத்தும் வேலைதான்; அது தேவை. நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு 1970களிலிருந்து 2017 வரை குலுக்கல் நடந்தது, நல்ல மதிப்பெண்ணுக்கு அதிக வாய்ப்பு என்ற எடையோடு. நிறுத்திவிட்டு, 2023இல் கல்லூரிகளுக்கு மறுபடி அனுமதி கொடுத்தார்கள்.

இங்கே ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அப்புறம் எந்தப் பையனுங்க படிப்பான்?" என்றார். கோட்டைத் தாண்டப் படிப்பான் என்றேன். உள்ளே போனவனுக்குத் தனக்கு இடம் விழுந்தது என்று தெரியும், போகாதவன் தனக்கு விழவில்லை என்பான், அதற்குமேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டான் என்றும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மகள் இந்த வருஷம் பன்னிரண்டாவது. சீட்டில் விழாமல் போனால் யாரைத் திட்டுவதென்று கேட்டார். இப்போது யாரைத் திட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அவளைத்தானுங்க" என்றார்.