கண்டிப்பாக வரவும்

மகளின் புத்தகப்பையில் வந்த பெற்றோர் சந்திப்புக் கடிதத்தில் 'கண்டிப்பாக வரவும்' என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு. தேதி, நேரம், வகுப்பறை எல்லாம் அச்சு. இந்தக் கோடு மட்டும் கையால் போட்டது. ஆசிரியை எல்லாப் பிள்ளைகளின் கடிதத்திலும் போட்டாரா, இவளுடையதில் மட்டுமா? வகுப்பு வாட்ஸாப் குழுவில் கேட்டுவிடலாம்தான். 'எங்களுக்குக் கோடு எதுவும் இல்லையே' என்று நாலு பேர் பதில் போட்டால்? ஒரு அம்மா கடிதத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரி இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய கட்டைவிரல்.

மகள் ஒன்றாம் ஆண்டு. அவளுக்குத் தேர்வே கிடையாது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு 2019இல் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021இல் போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு. பாடத்துக்குப் பாடம் 1 முதல் 6 வரை அடைவுநிலை. அந்த எண்ணை வைத்து அடுத்த பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, யார் கேட்டாலும் ஆதரித்துப் பேசுவேன். ஆனால் மார்க் இருந்த காலத்தில் பயத்துக்கும் ஓர் அளவு இருந்தது. இப்போது ஆசிரியர் வாய்திறந்து ஏதாவது சொல்லியாகவேண்டும். 'யாரோடும் சேரமாட்டேங்கிறா' என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு எந்த டியூஷனுக்கு அனுப்புவது?

சிவப்பு மை என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்கு வயிறு கலங்கும். ரிப்போர்ட் கார்டில் தேறாத பாடத்தின் மார்க்கைச் சிவப்பில்தான் எழுதுவார்கள். அந்தக் கோட்டைப் போட்டவர் கைக்குக் கிடைத்த பேனாவை எடுத்திருக்கலாம். இளம் ஆசிரியை, இதெல்லாம் அவருக்குத் தோன்றக்கூட நியாயமில்லை.

இந்த ஊரில் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கணக்கு வைத்து, 2016இல் மலேசியத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு என்று விழா எடுத்தோம். பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் ஹட்சிங்ஸ் எந்தத் தகப்பனையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, 'உங்கள் பிள்ளை எப்படி' என்று பேசியிருப்பாரா? பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

என் அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான். பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. விடியுமுன் ஃபெர்ரி ஏறிவிடுவார். பள்ளிக்குள் அவர் வந்து நான் பார்த்தது ரிப்போர்ட் கார்ட் கொடுத்த ஒரு காலையில்தான். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். டீச்சருக்கு அவரைவிட வயது குறைவு. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நான் வராந்தாவில் நின்றேன். டீச்சரின் வாய் அசைந்தது, அப்பாவின் தலை அசைந்தது. அப்புறம் பினாங்கு ரோட்டில் செண்டோல் வாங்கிக் கொடுத்தார். டீச்சர் என்ன சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோசான்' படித்தபோது அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. தலைமையாசிரியர் கோபயாஷி அந்தச் சிறுமி பேசுவதை நாலு மணிநேரம் உட்கார்ந்து கேட்டதைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதற்கு முன்னால் வரும் பகுதிதான் ஒட்டிக்கொண்டது. பழைய பள்ளியின் ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டுக் குறைகளை அடுக்குகிறார்: மேசை மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள். பள்ளியைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, 'புதுப் பள்ளிக்குப் போகலாமா' என்று மட்டும் கேட்கிறாள். நீக்கப்பட்டது மகளுக்கு இருபது வயது தாண்டிய பிறகுதான் தெரிகிறது. எங்கள் அப்பாவும் அந்தச் சாதி என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை.

இந்தக் கோட்டின் தொந்தரவு தாங்காமல் நேற்று அப்பாவையே தொலைபேசியில் கேட்டேன்.

"அன்னைக்கு டீச்சர் என்னப்பா சொன்னாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணும் காதுல விழலம்மா. கார்டுல எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்ங்கிற யோசனையிலேயே நின்னேன். தப்பா எதிலயாவது போட்டுட்டா?"

அவ்வளவுதானா? இத்தனை வருஷம் நான் பத்திரப்படுத்தியிருந்த மௌனம் வெறும் பதற்றமா? இல்லை, இப்போதும் எதையோ சொல்லாமல் விடுகிறாரா? குரலில் பிடிபடவில்லை. அவர் மறைத்திருந்தாலும் சரி, கேட்காமலே இருந்திருந்தாலும் சரி, செண்டோல் ஒன்றுதான். எனக்கு நல்லது செய்தது அவருடைய அன்பா, அவருடைய பயமா?

இதற்கிடையில் மகள் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிவிட்டாள். "டீச்சர் சொல்றதெல்லாம் எங்கிட்ட சொல்லணும் அம்மா." சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அவளை அழவைக்கும்படி ஆசிரியை ஏதாவது சொன்னால் அந்தத் தலையாட்டலை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.